தோடம்பழம் அளவுத் தலைக்கு ஒரு தொப்பி

வெள்ளவத்தையிலிருந்து கேள்வி போட்ட தங்கச்சி கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கொரோனா ஊரடங்கில் யூடியூப் பார்த்துக் குறோசே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், பழகினார். குறைமாதப் பிள்ளைகளுக்குத் தருமமாகக் கொடுக்கவென்று இதுவரை ஐம்பது தொப்பி பின்னி வைத்திருக்கிறார். எந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கலாம், இனிமேல் எந்த அளவில், எந்த நூலில் பின்னலாம் என்று கேட்கிறார். கடைசியில் பகிடியாக ஒரு வரியும் இருந்தது: "கொழும்பு வெக்கையில ஆருக்கடி கம்பளித் தொப்பி எண்டு மாமி கேக்கிறா." எனக்கு மாமியின் கேள்விதான் பெரிதாகப் பட்டது. நீங்கள் கேட்க நினைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். பின்னியது ஒரு பிள்ளையின் தலையில் ஏறுமா, அல்லது வோட்டு அலுமாரியில் கிடந்து மங்குமா?

நான் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பத்தொன்பது வருடம் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில். குறோசே அம்மாவிடம் பழகியது. அவ தலையணை உறைக்கு றேந்தை பின்னுவா, நான் பக்கத்தில் இருந்து நூலைச் சிக்காக்குவேன். ஆகவே ஊசிப் பக்கமும் தெரியும், வோட்டுப் பக்கமும் தெரியும். மருத்துவர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரிவிலும் அங்குள்ள குழந்தை மருத்துவர் வைத்ததுதான் நடைமுறை. ஆகவே நான் கீழே சொல்லும் ஒன்றை உங்கள் ஆஸ்பத்திரி சிஸ்டர் வேறுமாதிரிச் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் மாமிக்கு. கொழும்பில் நிழலில் இருந்தாலே 28 பாகை. நமக்கு அது புழுக்கம். ஆனால் ஈரத்தோடு பிறந்த ஒரு கிலோப் பிள்ளைக்கு அது குளிர். அதன் தோல் மெல்லிசு, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். உடம்புச் சூட்டை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேரும். முன்னுக்கே வந்துவிட்ட பிள்ளைக்கு அது போதாது. நம்மைப் போல நடுங்கிச் சூடு பிடிக்கவும் அதற்குத் தெரியாது. தலையோ உடம்புக்குப் பெரிசு. பெரியவர்களுக்குத் தலையின் பரப்பு உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பிறந்த பிள்ளைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பிள்ளையின் உடம்பு 36.5 முதல் 37.5 பாகைக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் மூச்சு, சீனி அளவு, எடை ஏறுவது எல்லாமே குழம்பும். அதோடு பிரசவ அறையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஏசி போட்ட இடங்கள். இதுவரை சொன்னதில் சந்தேகம் ஒன்றுமில்லை.

சந்தேகம் அடுத்த படியில் வருகிறது: இந்தச் சூடு இழப்பைப் பின்னல் தொப்பி எவ்வளவு தடுக்கிறது? நேர்மையாகச் சொன்னால், நாம் ஆசைப்படும் அளவுக்கு இல்லை. மிகவும் முன்னுக்குப் பிறக்கும் பிள்ளைகளைப் பிறந்த உடனேயே கழுத்து வரை பொலித்தீன் உறைக்குள் வைப்பார்கள். பார்க்கக் கடைச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் நன்றாக வேலை செய்யும். தலைக்கும் பிளாஸ்டிக் தொப்பி உதவியது என்றும், சாதாரண ஸ்டொக்கினெட் துணித் தொப்பி பெரிதாக உதவவில்லை என்றும்தான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2018இல் எத்தியோப்பியா, மொசாம்பிக், தன்சானியா ஆஸ்பத்திரிகளில், தாயின் நெஞ்சோடு அணைத்து வளர்க்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கம்பளித் தொப்பி போட்டும் மற்றவர்களுக்குப் போடாமலும் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. தொப்பியால் கெடுதல் இல்லை. சரியான சூட்டில் இருந்த நேரத்தில் வித்தியாசமும் இல்லை. அதைப் படித்த அன்று, பாதியில் இருந்த தொப்பியை ஊசியோடு கூடையில் போட்டுவிட்டு இரண்டு கிழமை தொடவில்லை.

பிறகு எடுத்தேன். ஏனென்றால் அந்த ஆய்விலேயே பெரிய வேலையைச் செய்தது தாயின் நெஞ்சு. கங்காரு முறை என்று நாம் சொல்வது 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியூபேட்டர் போதாமல் தொடங்கிய பழக்கம். கொழும்பு என்று தவறி வாசித்து நான் ஒருமுறை பெருமைப்பட்டதுண்டு. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் குறைமாதப் பிள்ளைகள் எல்லாருக்கும், எடை குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. அப்படி நெஞ்சில் வைக்கும்போது பிள்ளைக்கு என்ன உடுப்பு? நப்பி, காலுறை, தொப்பி. அவ்வளவுதான். மற்ற உடம்பு அம்மாவின் தோலோடு, தலை மட்டும் வெளியே. அந்தத் தலையை எங்கள் பிரிவில் ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. ஆகவே, மாமி சொன்னது பாதி சரி. தொப்பி உயிர் காக்கும் சாமான் இல்லை. ஆனால் வோட்டில் அது தேவைப்படுகிறது, நாளுக்கு நாள் கழற்றி மாற்றப்படுகிறது. பால் கக்கும், வியர்க்கும், நனையும். நனைந்த தொப்பி தொப்பி இல்லாததை விட மோசம், ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒன்று போதாது, குறைந்தது மூன்று வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு கதை வேறு, இதையும் மாமியிடம் சொல்லுங்கள். நம் ஆட்கள் ஆறு மாதப் பிள்ளைக்கும் கொழும்புப் பகலில் தொப்பி, காலுறை, கையுறை எல்லாம் போட்டு வைப்பார்கள். பிள்ளை தன் மிதமிஞ்சிய சூட்டை விடுவதும் தலையால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல், பிறந்த முதல் மணித்தியாலங்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம் என்றே எழுதியது. நித்திரையில் தொப்பி மூக்குக்கு இறங்கினால் இன்னும் ஆபத்து. உங்கள் பொதியோடு ஒரு துண்டு வைக்கப் போகிறீர்கள் என்றால், வாழ்த்து வசனத்தை விட இதை எழுதுவது பிரயோசனம்.

சரி, அளவுக்கு வருவோம். தருமத்துக்கு வரும் தொப்பிகளில் பத்துக்கு ஏழு பெரிசு. மனதில் இருப்பது சொந்தக்காரரின் நிறைமாதப் பிள்ளை, அதுதான் காரணம். கண்ணால் கண்டிராதவர்களுக்கு நான் சொல்வது தோடம்பழம். 24 கிழமையில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு 22 சென்றிமீற்றர் அளவில் இருக்கும். நல்ல தோடம்பழம் ஒன்றை அளவு நாடாவால் சுற்றிப் பாருங்கள், அதே கணக்கு வரும். 28 கிழமையில் 26, எடை ஒரு கிலோவைச் சுற்றி. 32 கிழமையில் 29, 30. நிறைமாதத்தில் 34, 35, அதாவது உரித்த தேங்காய். தொப்பியைத் தலையை விட இரண்டு மூன்று சென்றிமீற்றர் சிறிதாகப் பின்ன வேண்டும். பின்னல் இழுபடும், இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் நிற்கும். சமையலறை மேசையில் தோடம்பழம் ஒன்று, அதன் மேல் தொப்பி, பழத்தை மெல்லக் கவிழ்த்துப் பார்ப்பேன். விழுந்தால் பிரிப்பேன். கழற்றியதும் பழத்தோலில் பின்னலின் தடம் விழுந்திருந்தால் அதுவும் இறுக்கம், அதையும் பிரிப்பேன்.

பின்னும் முறை. எட்டு இழை நூல், 3.5 மில்லிமீற்றர் ஊசி, பிரித்தானிய முறையில் ஹாஃப் ட்ரெபிள் என்ற கண்ணி. என் கைக்கு இப்படிப் பின்னினால் பத்து சென்றிமீற்றருக்கு 17, 18 கண்ணி வரும். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்று ஒரு சதுரம் பின்னிப் பார்த்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள் 8 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு 16. அப்புறம் சுற்றுக்கு எட்டு எட்டாகக் கூட்டிக்கொண்டு போங்கள். 32இல் நிறுத்திக் கூட்டாமல் கீழே இறங்கினால் 24 கிழமைத் தலைக்கு. 40இல் நிறுத்தினால் 28 கிழமைக்கு. 48 என்றால் 32 கிழமை, 56 என்றால் நிறைமாதம். உச்சியிலிருந்து விளிம்பு வரை நீளம் தலைச் சுற்றளவில் பத்தில் நாலு பங்கு: 26 சென்றிமீற்றர் தலைக்குப் பத்தரை. காது மூடும், கண்ணுக்கு வராது. கடைசி இரண்டு சுற்றைச் சற்றுத் தளர்வாகப் போடுங்கள், நெற்றியில் கோடு விழக்கூடாது. கணக்கு இவ்வளவுதான். இணையத்தில் இதற்குக் காசு வாங்கி வடிவம் விற்கிறார்கள்!

யூடியூபில் பழகியவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கர் சிங்கிள் குறோசே என்பதை ஆங்கிலேயர் டபுள் குறோசே என்பார்கள். அமெரிக்கரின் டபுள், ஆங்கிலேயருக்கு ட்ரெபிள். நம் பள்ளிக்கூடங்களில், கொன்வென்ட்டுகளில் சொல்லிக் கொடுத்தது ஆங்கிலேயர் பெயர். அம்மாவின் பழைய புத்தகத்தையும் யூடியூபையும் கலந்து பின்னினால் ஒரே எண்ணிக்கையில் ஒரு தொப்பி கிண்ணம் போலவும் மற்றது பப்பாசிப்பழம் போலவும் வரும். நான் ஹாஃப் ட்ரெபிள் சொல்வதற்குக் காரணம் ஓட்டை. ட்ரெபிள் வேகமாக ஏறும், பார்க்கவும் வடிவு, ஆனால் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையில் ஒரு கிலோப் பிள்ளையின் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வரும்.

இந்த விரல் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் ஒரு பிள்ளை விடாமல் அழுதது. பால் கொடுத்தாயிற்று, நப்பி மாற்றியாயிற்று, தூக்கி வைத்துத் தட்டியாயிற்று. யாரோ அன்பாகப் பின்னிக் கொடுத்த கையுறையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. உள்ளே தொங்கிய ஒற்றை நூல் நடுவிரலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் நாவல்பழ நிறம். வெட்டி எடுத்தோம், விரல் பிழைத்தது. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, ஏனென்றால் அந்தக் கையுறையைப் போட்டுவிட்டவள் நான். நூலும் தலைமயிரும் இப்படி விரலில் சுற்றுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விபத்து. அன்றிலிருந்து தொப்பி எதுவாக இருந்தாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நிறம் மாற்றும்போது உள்ளே நீளமாக ஓடும் நூல் இருக்கவே கூடாது. ஆகவே பூ, மயில், கோடு எல்லாம் வேண்டாம், ஒரு தொப்பிக்கு ஒரு நிறம். நூல் முனையை வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஊசியில் கோத்து ஒரு திசையில் நாலு விரற்கடை ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் இன்னொரு தரம் ஓட்டி, பிறகு வெட்டுங்கள். தொடக்க வளையத்தின் முனைக்கு மூன்று தரம். வளையம் அவிழ்ந்தால் உச்சியில் ஓட்டை விழும். அங்கே முடிச்சும் போடாதீர்கள், கீழே உச்சிக்குழி. பிள்ளை பக்கவாட்டில் படுத்துத்தான் இருக்கும், கடலைப்பருப்பளவு முடிச்சுக்கூட அந்தத் தோலில் அச்சுப் பதிக்கும். பொத்தான், மணி, ரிபன், குஞ்சம் ஒன்றும் வேண்டாம். குஞ்சம் வைத்த தொப்பியோடு பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கவும் முடியாது.

நூல் வாங்கப் புறக்கோட்டைக்குத்தான் போவீர்கள். குறுக்குத் தெருக்களில் தையல் சாமான் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள், விலையும் காலி வீதிக் கடைகளை விடக் குறைவு. ஆனால் பாதிக்கு லேபல் இருக்காது. கேட்டால் "வூல் தான் மிஸ்" என்பார்கள். கடைக்காரர் பொய் சொல்வதில்லை, அவருக்குப் பின்னுகிற நூல் எல்லாமே வூல். வீட்டுக்கு வந்து ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பு வையுங்கள், கீழே தண்ணீர்க் கோப்பை இருக்கட்டும். கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலானால் பருத்தி. தலைமயிர் கருகும் மணம் வந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்தால் உண்மையான கம்பளி. உருகி, கறுத்து, ஆறியதும் கல்லுப் போலக் குமிழ் நின்றால் அக்ரிலிக்.

மூன்றில் எது? இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள், ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு பிடிக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் சலவை சுடுதண்ணீர்ச் சலவை. நான் ஆசையாகப் பின்னிய பன்னிரண்டு கம்பளித் தொப்பி ஒரே சலவையில் சுருங்கித் தடித்து முட்டைக் கிண்ணத்துக்கு மூடி போல வந்தன. பிழை என்னுடையது, லேபலில் குளிர்ந்த தண்ணீர் என்று இருந்தது. அக்ரிலிக் சுருங்காது, மென்மையாகவும் கிடைக்கும். ஆனால் அதிக சூட்டில் கிருமி நீக்கும் இடத்தில் உருகிக் கெடும், வியர்வையும் உறிஞ்சாது. பருத்தி எந்தச் சலவையையும் தாங்கும், ஆனால் ஈரம் குடிக்கும். மிகச் சிறிய பிள்ளைகளின் இன்கியூபேட்டருக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பார்கள், அதற்குள் பருத்தித் தொப்பி ஊறிப்போய்விடும். கொழும்புக்கு என்றால் நான் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், அது கிடைக்காவிட்டால் மென்மையான பருத்தி என்பேன். இது என் கைப்பழக்கத்தில் வந்த தெரிவு, நிரூபணம் கேட்டால் தர முடியாது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மொகேர், அங்கோரா போன்ற பஞ்சு பறக்கும் நூல் வேண்டவே வேண்டாம். அந்த மயிர் மூக்குக் குழாயிலும் பசைப் பிளாஸ்டரிலும் ஒட்டும். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து நூல் வாங்குகிறோம், உள்ளங்கை காய்த்த இடம். கழுத்தில் அல்லது மேலுதட்டில் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

நிறத்தைப் பற்றி நீங்களே இரண்டு பந்தி எழுதியிருந்தீர்கள். ஆண் பெண் யோசிக்காமல் வெளிர் நிறங்கள் போதும், சாயம் போகாததா என்று வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

வோட்டில் தொப்பி எப்போதெல்லாம் கழற்றப்படும் என்று தெரிந்தால் உங்களுக்கு மனம் கோணாது. மஞ்சட்காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைக்கும்போது வெளிச்சம் தோலில் பட வேண்டும், பல இடங்களில் கழற்றிவிடுவார்கள். உச்சிக்குழி வழியாக மூளையை ஸ்கேன் பார்ப்பார்கள், அப்போதும் கழற்ற வேண்டும். கையில் நாளம் அகப்படாத பிள்ளைக்குத் தலையில் ஊசி ஏற்றியிருப்பார்கள். மூக்கு வழியாகக் காற்று அழுத்தம் கொடுக்கும் கருவியின் குழாயைப் பிடித்து வைக்க அதற்கேயான தொப்பி கருவியோடு வரும். அந்த வேலைக்கு நம் பின்னல் சரிவராது, இழுபட்டுக் குழாய் நகரும். ஆகவே நம் தொப்பி அதிகம் பயன்படுவது இந்தக் கட்டங்களைத் தாண்டிய பிள்ளைக்கு: 30 கிழமைக்கு மேல், ஒன்றரை கிலோ சுற்றில், இன்கியூபேட்டரிலிருந்து கட்டிலுக்கும் அம்மாவின் நெஞ்சுக்கும் மாறும் பிள்ளைக்கு. ஐம்பது பின்னினால் முப்பது அந்த அளவில் இருக்கட்டும்.

ஆனால் மிகச் சிறியதும் ஐந்தாறு பின்னுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் விடியற்காலை 23 கிழமையில் பிறந்த பிள்ளை ஒன்று இரண்டு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. தகப்பன் எங்கேயோ ஓடிப்போய்க் கடை திறக்கும்வரை நின்று ஒரு தொப்பி வாங்கி வந்தார். பிறந்த பிள்ளைக்கு என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. போட்டபோது அது தாடை வரை இறங்கி முகத்தை மூடியது. அவர் அதை மடித்தார், திரும்ப மடித்தார், நிற்கவில்லை. என் லாச்சியில் 32 கண்ணியில் பின்னிய வெள்ளைத் தொப்பி ஒன்று கிடந்தது. ஒன்றும் கதைக்காமல் எடுத்துக் கொடுத்தேன். அது சரியாக இருந்தது. அம்மா பார்க்கக் கேட்டபோது பிள்ளைக்கு முகம் இருந்தது. அந்த அளவில் கடையில் உடுப்பு இல்லை தங்கச்சி, யாராவது பின்னினால்தான் உண்டு. கொடுக்கும்போது அவற்றைத் தனிப் பையில் போட்டு, எதற்கு என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள், அவருக்கு விளங்கும்.

யாரிடம் கொடுப்பது? கொழும்பில் பிரசவத்துக்கான பெரிய அரச ஆஸ்பத்திரிகள் என்றால் 1879இல் தொடங்கிய டி சொய்சாவும், பொரளையில் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி நேரே போய் நிற்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் தொலைபேசியில் குறைமாதப் பிள்ளைகள் பிரிவுக்குப் பொறுப்பான சிஸ்டரைக் கேட்டு, உங்களுக்குத் தொப்பி தேவையா, எந்த அளவு, எந்த நூல், எப்படித் தோய்ப்பீர்கள் என்ற நாலையும் விசாரியுங்கள். நன்கொடை என்றால் பெரும்பாலும் பணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் வேண்டியிருக்கும். வெளியிலிருந்து வரும் துணியை எடுக்க மாட்டோம் என்று ஒரு பிரிவு சொன்னால் கோபிக்க வேண்டாம், கிருமி பரவிய ஓர் அனுபவம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். நவம்பர் 17 உலகக் குறைமாதப் பிள்ளைகள் தினம், அன்றைக்கென்று எல்லாரும் ஊதா நிறத்தில் கொண்டுபோய்க் குவிப்பார்கள். பெப்ரவரியில் ஆரும் நினைக்க மாட்டார்கள். நீங்கள் பெப்ரவரியில் போங்கள்.

மலையகத்தையும் யோசியுங்கள். நுவரெலியாவில் தை மாத இரவு 10 பாகைக்குக் கீழும் போகும். தோட்டப்புறங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளும் கூட. அங்கே கம்பளித் தொப்பிக்கு மாமிகூடக் கேள்வி கேட்க மாட்டா.

கொடுக்கும் முன் மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பையில் போட்டு மூடுங்கள். பையின் மேல் சுற்றளவை இலக்கத்தில் எழுதினால் போதும்: 23, 27, 32. சிங்களம் தமிழ் என்று யோசிக்கத் தேவையில்லை, இலக்கம் எல்லாருக்கும் பொது. இனி இதைக் கவனமாகக் கேளுங்கள். பின்னி முடித்த தொப்பிகளை அலுமாரியில் பூச்சி உருண்டையோடு வைக்கவே கூடாது. அதில் இருக்கும் நப்தலீன், ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறைபாடு நம் நாட்டிலும் உண்டு, பிறந்த அன்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தால் தோய்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தத் தொப்பிகளை ஒதுக்கிவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் வாசனைத் தூளும்கூட வேண்டாம்.

உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் குறோசே ஒக்டோபஸ் பொம்மை பற்றிக் கேட்டிருந்தார். 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய பழக்கம் அது. அதன் கைகளைப் பிடித்தால் பிள்ளைக்குத் தொப்புள்கொடி ஞாபகம் வரும், குழாயை இழுக்காது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் மெலிது. உள்ளே பஞ்சு, வெளியே சுற்றக்கூடிய எட்டுக் கால். வோட்டு கேட்டால் மட்டும் பின்னுங்கள்.

உங்கள் ஐம்பதுக்கு வருவோம். நீங்கள் கேள்வியோடு போட்ட படத்தில் பார்த்த அளவில் பாதிக்கு மேல் குஞ்சம் வைத்தவை. குஞ்சத்தை வெட்டிவிட்டு உச்சி அவிழாமல் மூன்று தரம் ஓட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் அளவு நாடாவால் அளந்து பிரியுங்கள். 32 சென்றிமீற்றருக்கு மேல் வருபவை நிறைமாதப் பிள்ளைகளுக்குத்தான் சரி, சாதாரணப் பிரசவ வோட்டுக்கோ நுவரெலியாவுக்கோ போகட்டும். பெரிய ஓட்டை உள்ளவற்றைப் பிரித்தால் நூல் திரும்பக் கிடைக்கும், ஒரு பெரிய தொப்பியில் இரண்டு சின்னது வரும். இளஞ்சிவப்பு மொகேரில் பின்னிய அந்த ஏழும்தான் பிரச்சினை. மொகேர் பிரியாது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மினக்கெட வேண்டாம். தேத்தண்ணிப் போச்சிக்கு உறையாகப் போட்டுப் பாருங்கள், மூக்குக்கும் கைபிடிக்கும் இரண்டு வெட்டு வைத்தால் போதும். மாமிக்கு ஒன்று கொடுங்கள்.